கணக்கு டீச்சருக்குக் கர்த்தர் சொன்னது

"அந்த இடத்துல கொஞ்சம் மெதுவா, அண்ணே," என்று ஐந்தாவது முறையாகச் சொன்னாள் கணக்கு டீச்சர்.

பூட்டுக்காரர் ஐந்தாவது முறையாகத் தலையாட்டினார். அடுத்த வரியில் அவர் குரல் எழுந்தபோது பக்கத்தில் நின்ற தபால்காரர் தன்னையறியாமல் அரையடி தள்ளி நின்றுகொண்டார்.

வாரத்தில் ஐந்து நாள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள், சனிக்கிழமை மாலையில் தேவாலயத்துப் பாடகர் குழுவுக்குத் தலைவி. சபைக்கு ஐம்பது வயது நிறையப் போகிறது. அந்த நாள் ஆராதனைக்காக அவளே ஒரு பாட்டு எழுதி, நான்கு குரலுக்கும் மெட்டுப் பிரித்து, ஆறு மாதமாக இருபது பேரைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாழ்க்கையில் சொந்தமாகச் செய்த ஒரே பாட்டு அது. இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது. பத்தொன்பது பேர் தேறிவிட்டார்கள். இருபதாவது ஆள் வாயைத் திறந்தால் அந்தப் பத்தொன்பது பேரும் அங்கே இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது.

ஆள் பொல்லாதவராக இருந்தாலாவது சுலபமாகப் போயிருக்கும். பயிற்சிக்கு முதலில் வந்து நாற்காலி போடுபவர் அவர். கடைசியில் விளக்கணைத்துவிட்டுப் போகிறவரும் அவர்தான். ஒருமுறை டீச்சர் வீட்டுக் கதவு மழையில் இறுகிக்கொண்டபோது பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடி வந்தவர். அந்த முகத்தைப் பார்த்து உங்களுக்குப் பாட வராது என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. பின்வரிசைக்கு அனுப்பிப் பார்த்தாள். குரல் சுவரில் மோதி இரண்டாகத் திரும்பி வந்தது.

அன்று பயிற்சி முடிந்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். உண்மையைச் சொல்லத்தான் கூப்பிட்டாள். வாயைத் திறந்ததும் வேறு என்னவோ வந்துவிட்டது.

"அண்ணே, உங்களுக்காக ஜெபம் பண்ணிட்டிருந்தேன். உங்களுக்கு வேற ஊழியம் வச்சிருக்கார்னு கர்த்தர் எனக்கு உணர்த்தினார்."

பூட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன ஊழியம் என்று தழுதழுத்த குரலில் கேட்டார். அவள் அவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை. எதிரே தேவாலயத்து வாசல்தான் கண்ணில் பட்டது. வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்பது என்று சொல்லிவைத்தாள்.

வீட்டில் அவள் கணவர் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "உனக்குக் கர்த்தர் சொன்னாரா, உன் காது சொல்லுச்சா?" என்றார். அவள் அடுப்பில் ஏதோ தீய்வது போல எழுந்து போனாள். அடுப்பு அணைந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

கர்த்தரே ஒப்படைத்த கதவு என்றால் சும்மாவா? பூட்டுக்காரர் தன் கடையிலிருந்ததிலேயே உயர்ந்த பூட்டைக் கொண்டுவந்து அதில் மாட்டினார். ஞாயிறு ஆராதனை ஒன்பது மணிக்கு. எனவே ஒன்பது அடித்ததும் பூட்டினார். கண்ணாடியை மறந்து வீட்டுக்கு ஓடியிருந்த போதகர் ஒன்பது இரண்டுக்குத் திரும்பிவந்து, தன் சபையின் ஜன்னலைத் தானே தட்டிக்கொண்டு நின்றார். பாட்டு தொடங்கியபோது இன்னொரு விஷயமும் தெரிந்தது. முன்னால் பாடகர் குழு, பின்னால் வாசலில் பூட்டுக்காரர். நடுவில் இருந்த இருநூறு பேரும் யார் பின்னால் போவது என்று தெரியாமல் ஒரே பாட்டை இரண்டாகப் பாடி முடித்தார்கள்.

ஆகவே டீச்சருக்கு அதே வாரத்தில் இன்னொரு முறை கர்த்தர் உணர்த்த வேண்டியதாயிற்று. இந்தத் தடவை ஒலிபெருக்கி அறை. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் கண்ணாடி, கனத்த கதவு. உள்ளே எவ்வளவு பாடினாலும் வெளியே வராது என்று கணக்குப் போட்டாள். அறிவிப்புச் சொல்வதற்காக அங்கேயே ஒரு மைக் இருப்பது அந்தக் கணக்கில் வரவில்லை. பூட்டுக்காரர் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பழகியதில் அதுவும் உயிர் பெற்றது. அந்த ஞாயிறு அவர் குரல் கோபுரத்து ஒலிபெருக்கி வழியாகத் தெருவுக்கே போய்ச் சேர்ந்தது. எதிர்ச் சலூனில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர் பாதி முகத்து நுரையோடு வெளியே வந்து, உள்ளே யாருக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தாராம்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்று சாட்சி சொல்லும் நேரத்தில் பூட்டுக்காரர் எழுந்து, கர்த்தர் நம் டீச்சரிடம் நேருக்கு நேர் பேசுகிறார், இந்த ஏழை ஒருவனுக்காகவே இரண்டு தடவை பேசியிருக்கிறார் என்று நெஞ்சுருகச் சொல்லி உட்கார்ந்தார். சபை முழுக்கத் திரும்பி டீச்சரைப் பார்த்தது.

திங்கட்கிழமையிலிருந்து அவள் வீட்டு அழைப்பு மணி ஓயவில்லை. தபால்காரர் புது வண்டி வாங்கலாமா, பழையதையே ஓட்டலாமா என்று கர்த்தரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். சபைச் செயலாளர் வந்து, கூரைக்கு நீலம் அடிப்பதுதான் தேவசித்தம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் போன கையோடு பொருளாளர் வந்தார். அவருக்குக் கர்த்தர் பச்சையை விரும்பினால் நன்றாயிருக்கும். கடைசியில் போதகரே போன் செய்து, ஐம்பதாம் ஆண்டு ஆராதனையில் ஆண்டவர் குரலைக் கேட்பது எப்படி என்று பத்து நிமிடம் பேசும்படி கேட்டுக்கொண்டார்.

போனை வைத்துவிட்டு டீச்சர் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. ஆண்டவர் பெயரை வீணிலே வழங்கக் கூடாது என்ற கட்டளையை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு உருப்போட வைத்தவள் அவள். தன் பாட்டு நன்றாக வர வேண்டும் என்பதற்காக அந்தப் பெயரை முன்னால் நிறுத்திவிட்டுத் தான் பின்னால் ஒளிந்துகொண்டதை நினைக்க வெட்கமாக இருந்தது. அன்றுதான் முதல்முறையாகப் பூட்டுக்காரருக்காக உண்மையில் ஜெபம் செய்தாள். குரல் எதுவும் கேட்கவில்லை. போய்ச் சொல்லிவிடு என்று மனசுதான் சொன்னது. அதையும் கர்த்தர் சொன்னார் என்று சொல்லிக்கொள்ள அவளுக்குத் துணிச்சல் இல்லை.

மறுநாள் மதியம் பூட்டுக்கடைக்குப் போனாள். மூன்று பேர் சேர்ந்து நின்றால் மூச்சு முட்டும் கடை. சுவர் முழுக்கச் சாவி. பூட்டுக்காரர் ஒரு சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சாப்பாட்டைக் கொண்டுவந்து எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, கர்த்தர் என்கிட்ட ஒண்ணும் சொல்லல. வாசலும் சரி, மைக் அறையும் சரி, நானா சொன்னது. அவர் பேரைச் சொன்னது பெரிய தப்பு. மன்னிச்சிடுங்க."

சொல்லி முடித்ததும் அவளுக்கு மனசு லேசாகிவிட்டது. இத்தனை நாள் இதற்கா பயந்தோம் என்று இருந்தது. காரணத்தையும் சொல்லிவிடலாம் என்று மூச்சை இழுத்தாள். அதற்குள் பூட்டுக்காரர் அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"மன்னிப்பெல்லாம் எதுக்கு டீச்சர்? வாசலுக்கு ஆள் இல்ல, கேக்க உங்களுக்குத் தயக்கம். விடுங்க. எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு குழப்பம் இருந்துச்சு. மூணு வருஷம் முன்னாடி கர்த்தர் இவகிட்ட பேசித்தான் என்னைப் பாடகர் குழுவுல சேரச் சொன்னார். பாடுன்னு சொன்னவரே எப்படி வேண்டாம்னு மாத்திச் சொல்வார்னு யோசிச்சிட்டே இருந்தேன். இப்பத் தெளிஞ்சிடுச்சு. சனிக்கிழமை வந்துடறேன்."

கை கழுவ அவர் கடைக்குப் பின்னாலிருந்த குழாயடிக்குப் போனார். போகும்போதே டீச்சர் எழுதிய பாட்டின் முதல் வரி முழுக்குரலில் கிளம்பிவிட்டது.

டீச்சர் செய்வதறியாமல் அவர் மனைவியைப் பார்த்தாள். அந்த அம்மாள் குழாயடிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"என்கிட்டயும் கர்த்தர் ஒண்ணும் சொல்லல டீச்சர், வீட்டுல இவர் பாடறதத் தாங்க முடியாம நான்தான் உங்க தலைல கட்டிவிட்டேன்."