துணையுடன் வரவும்

முப்பது வருடமாகக் கணக்கு வாத்தியார் வேலை. "சந்தேகம்னா கையைத் தூக்கிக் கேளு, மனசுக்குள்ள வச்சுக் குழம்பாதே" என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் என் வீட்டில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தபோது நான் கையைத் தூக்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

மகள் நிவேதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம் அது. மாப்பிள்ளை பிரவீனுக்குக் குரோம்பேட்டையில் வீடு. ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம். (மீதி இரண்டுக்காக ஜோசியரிடம் மறுகூட்டல் கேட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.) தாம்பரத்தில் மண்டபம் பிடித்தாகிவிட்டது, பத்திரிகை அச்சில் இருந்தது.

"அப்பா, என் பையில சார்ஜர் இருக்கும், எடுங்க" என்றாள் நிவேதா ஒரு புதன்கிழமை. சார்ஜரோடு ஒரு சின்னச் சீட்டும் வந்தது. அரசு மருத்துவமனை முத்திரை, அதன் கீழே 'நம்பிக்கை மையம்'. பெயர் இல்லை, ஓர் எண் மட்டும். பேனாவால் எழுதியிருந்தது: 'வெள்ளி காலை 10. துணையுடன் வரவும்.'

நம்பிக்கை மையம் என்றால் எச்.ஐ.வி., பால்வினை நோய்களுக்குப் பரிசோதனை செய்யும் இடம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூட விழிப்புணர்வு ஊர்வலத்தில் பேனரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தவன் நான். (அந்த பேனரில் இருந்த வாசகம், 'வெளிப்படையாகப் பேசுவோம்'.)

சீட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வெளிப்படையாக ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு நாள் வெந்தேன். என் பெண்ணுக்கு என்ன? அந்தத் துணை யார்? கல்யாணம் நடக்குமா? போனில் தேடினேன். தேடத் தேட எனக்கே நாலு நோயின் அறிகுறிகள் இருப்பது தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கு லீவு சொன்னேன். மனைவி கலாவிடம், "பல்லாவரம் சந்தைக்குப் போறேன்" என்றேன்.

"வரும்போது ஒரு ரோஜாச் செடி வாங்கிட்டு வாங்க" என்றாள்.

முடிச்சூரிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, ஒன்பதரைக்கே மருத்துவமனைக் கூடத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். திட்டம் எளிது: ஹெல்மெட்டைக் கழற்றாமல் இருப்பது, மகள் யாரோடு வருகிறாள் என்று பார்ப்பது.

பத்து நிமிடத்தில் செக்யூரிட்டி வந்தார். "இன்னா சார், தலையில பூட்டு மாட்டிக்கினு குந்திகீறே? கழட்டு சார், ஜனங்க பயப்படுது."

கழற்றினேன். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அதுவரை யாரும் யாரையும் பார்க்காமல் நிம்மதியாக இருந்த இடம்.

உள்ளேயிருந்து ஆலோசகர் எட்டிப் பார்த்தார். முப்பது வயதிருக்கும். வேர்த்து வழியும் என்னைக் கண்டதும் முகம் கனிந்தது. "உள்ள வாங்க சார், உக்காந்து பேசலாம்."

போனேன். கதவைச் சாத்திவிட்டு அவர் மெல்லக் கேட்டார். "சார், என்னைத் தெரியுதா? தமிழரசி. பத்தாவது பி."

தெரிந்தது. வடிவியலில் தடுமாறி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த தமிழரசி. பொய்முகம் போட்டுக்கொண்டு போய் என் மாணவியிடமே மாட்டினேன். (தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவன் வேறு யாரிடம் மாட்டுவான்?)

"இங்க பேசுறது வெளியில போகாது சார். யாருக்காக வந்திருக்கீங்க?"

மகளை வேவு பார்க்க வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "எனக்குத்தாம்மா" என்றேன். "ஒரு சந்தேகம்."

"வந்ததே பெரிய விஷயம் சார். வெக்கப்படாம சொல்லுங்க. கடந்த ஆறு மாசத்துல எத்தனை பேரோட உறவு?"

"ஒண்ணு. என் மனைவி."

"அதுக்கு முன்னாடி?"

"அப்பவும் அவதான்."

"கல்யாணத்துக்கு முன்னாடி?"

"பி.எட். படிச்சிட்டிருந்தேம்மா."

தமிழரசி நம்பவில்லை. விடை சரியாக இருந்தும் வழிமுறை எழுதாத மாணவனை நான் பார்ப்பேனே, அதே பார்வை. பிறகு பொறுமையாகப் பாடம் நடத்தினாள். பல பால்வினை நோய்களுக்கு வெளியில் அறிகுறியே தெரியாது, சிபிலிஸ் மாதிரி உள்ளவற்றைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தில் குணமாகும், எச்.ஐ.வி. இருந்தாலும் மாத்திரையை விடாமல் சாப்பிட்டு நல்லபடி வாழலாம். தொற்று புதிதாக இருந்தால் முதல் பரிசோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால் மறுபடி பார்க்க வேண்டும். கடைசியில் மேஜை டிராயரிலிருந்து ஒரு மர மாதிரியை எடுத்து, ஆணுறையை எப்படி மாட்டுவது என்று செய்து காட்டினாள். "இப்ப நீங்க ஒரு தடவை செஞ்சு காட்டுங்க சார்."

செய்தேன். "முனையில காத்து நிக்குது சார், அப்படி இருந்தா கிழியும். மறுபடியும்."

மறுபடியும் செய்தேன்.

"குட். மேடத்துக்கும் பாக்கணும் சார். நீங்க சொல்றீங்களா, நாங்க போன் பண்ணிக் கூப்பிடட்டுமா?" கேட்டுக்கொண்டே ஒரு சீட்டில் எழுதினாள்: 'துணையுடன் வரவும்.'

நானே சொல்கிறேன் என்று கெஞ்சி, சம்மதக் கையெழுத்துப் போட்டு, ரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சோடு வெளியே வந்தேன். எதிரே நிவேதா. பக்கத்தில் பிரவீன்.

"அப்பா?"

"அங்கிள்?"

துணை யார் என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. ஆனால் அவர்கள் முகத்தில் இப்போது வேறு கேள்வி. நிவேதாவின் கண் என் பஞ்சுக்குப் போய், கையிலிருந்த சீட்டுக்கு வந்து, கலங்கியது. "பரவால்லப்பா. எதுவா இருந்தாலும் நாங்க இருக்கோம்."

பிரவீன் என் தோளைத் தொட்டான். "அங்கிள், இப்ப எல்லாத்துக்கும் ட்ரீட்மென்ட் இருக்கு. ஆன்ட்டிகிட்ட நான் வேணா பக்குவமா பேசட்டுமா?"

இதற்கு மேல் பொறுக்க முடியாமல் உண்மையைச் சொன்னேன். சார்ஜர், சீட்டு, சந்தை, ஹெல்மெட். கலங்கிய கண் அப்படியே கோபமாக மாறியது.

"நீங்க பத்துப் பொருத்தம் பாத்தீங்க, நாங்க ஏதாவது சொன்னோமா? பதினோராவது நாங்க ரெண்டு பேரும் பாக்கலாம்னு பேசி வச்சிருக்கோம். கல்யாணத்துக்கு முன்னாடி பாத்துக்கிறது நல்லதுதானே? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேப்பா."

அவள் திரும்பிப் பார்க்காமல் பிரவீனோடு உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் கிளம்பிய பிறகு என் முடிவை வாங்கத் தமிழரசியிடம் போனேன். ஒன்றுமில்லை. வாங்கிக்கொண்டு நைசாகக் கேட்டேன்: "அம்மா, இப்ப வந்துட்டுப் போன நிவேதா என் பொண்ணுதான். அவளுக்கு..."

"அவங்க உங்களுதைக் கேட்டா நான் சொல்லவா சார்?"

"வேண்டாம்மா."

"அப்ப அவங்களுதும் சொல்ல மாட்டேன்."

வடிவியலில் தடுமாறிய பெண் இவ்வளவு தெளிவாக ஒரு நிரூபணம் எழுதி நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்தேன். கலா வாசலிலேயே நின்றாள். "செடி எங்கே? கையில என்ன பஞ்சு?" சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த சீட்டை எடுத்துப் படித்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சீட்டைப் பத்திரமாகப் பர்ஸில் வைத்தாள்.

"அதெல்லாம் இனிமே தேவையில்லடி. அந்தப் பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்லிடுறேன்."

"துணையுடன் வரவும்னு போட்டிருக்குல்ல? நானும் வரேன். நம்ம கல்யாணத்தப்ப பத்துப் பொருத்தத்தோட விட்டுட்டாங்க, பதினோராவதைப் பாக்கவே இல்ல."

அடுத்த வெள்ளி போனோம், ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு. திரும்பும்போது பல்லாவரம் சந்தையில் நிறுத்தச் சொல்லி ரோஜாச் செடி வாங்கினாள். என்னோடு பேசாமல் இருந்த நிவேதா அன்று மாலை செடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தாள். தன் முடிவு என்ன என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குறித்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது.

இன்றும் அந்த மருத்துவமனையைக் கடக்கும்போது முழங்கை மடிப்பு வலிக்கிறது. யாருடைய போனாவது மேஜை மேல் மின்னி, என் கண் லேசாக அந்தப் பக்கம் போனால் போதும், மாப்பிள்ளை பணிவாகக் கேட்பார்: "என்ன மாமா, சந்தைக்கா?"

உடனே கையைத் தூக்கிவிடுவேன்.