எருமை சாகவில்லை, என் காலும் நன்றாக இருக்கிறது

கெபாஹியாங் மலைச்சரிவு,
செவ்வாய்க்கிழமை காலை

மரியாதைக்குரிய பாக் சுல்கர்னைன் அவர்களுக்கு,

உங்கள் மீதும் உங்கள் துணைவியார் இபு ரோஸ்மாலா மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். உங்கள் ஊர் சுரூப்பில் மழை விட்டிருக்கும், உங்கள் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். 'சம்பந்தி' என்று தொடங்கத்தான் ஆசை. அந்த உரிமை இன்னும் இருக்கிறதா என்று தெரியாததால் 'பாக்' என்று பொது மரியாதையோடே எழுதுகிறேன். அஞ்சலில் போட்டால் நாளாகி, காரியம் கெட்டுவிடும். ஆகவே மினிபஸ் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மகனோடு பெண் கேட்டு வந்தபோது என் வீட்டில் வீசிய நாற்றத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். முதல் வாய்க் காப்பியிலேயே இபு ரோஸ்மாலா முக்காட்டு நுனியால் மூக்கை மூடினார். நான் பதறிப்போய், எதிர்வீட்டு தர்மிசியின் எருமை செத்துவிட்டது என்றேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். இரக்க குணமுள்ள அம்மாள் உடனே எழுந்து தெருவைக் கடந்து துக்கம் விசாரிக்கப் போவார் என்று நான் கண்டேனா? தர்மிசி அந்த எருமையைக் கயிற்றோடு பிடித்துவந்து என் வாசல்படியில் நிறுத்தி, "நல்லா பாருங்கண்ணே, இது செத்த மாதிரியா இருக்கு?" என்று கேட்டதும், அது என் மனைவி வளர்த்த ஆர்க்கிட்டை ஆற அமர மென்றதும் நீங்களே பார்த்தது. அடுத்து, சாக்கடை என்றேன். வேலைக்காலம் முழுக்க நீங்கள் நகராட்சியில் வடிகால் பார்த்தவர் என்பது என் மண்டையில் உறைக்கவில்லை. கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் கிளம்பிவிட்டீர்கள். கொல்லைக்குப் போனால் எல்லாம் வெளியாகிவிடும். என் மனைவி எர்னா, என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "வேணாங்க, சாக்கடை இல்ல. இவர் கால்ல ஒரு ஆறாத புண்ணு, சொல்ல வெட்கப்படறாரு" என்று போட்டாளே ஒரு போடு! அப்புறம் நான் நொண்டாமல் என்ன செய்வது? சாப்பிடப் போகும்போது இடது கால், கை கழுவ எழுந்தபோது வலது கால். அம்மாள் அதைக் கவனித்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது. நேற்று, அவசரமில்லை, யோசிப்போம் என்று சொல்லியனுப்பினீர்கள். பரம்பரை நோயாக இருக்குமோ என்று அம்மாள் கவலைப்பட்டதாகவும் கேள்விப்பட்டேன்.

நோயுமில்லை, ஒன்றுமில்லை. கொல்லைக் காப்பித் தோட்டத்தில், அழுகிய இறைச்சி வாடையோடு ராப்லேசியா விரிந்திருக்கிறது. உலகத்திலேயே பெரிய பூ என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. போன வருஷம் மேல்சரிவில் ஒரு மொட்டு வந்தது. சேதி பரவி, படமெடுக்க வந்த கூட்டம் அது ஒட்டியிருந்த கொடியை மிதித்தே துவைத்துவிட்டது. மொட்டு விரியாமலே கருகியது. அதனால், எங்கள் தோட்டத்துக் கொடியில் முஷ்டி அளவுக்கு ஒன்று தலைகாட்டியபோது நானும் எர்னாவும் மகள் விர்தாவும் வாயைத் தைத்துக்கொண்டோம். ஒரு பிள்ளை வயிற்றில் இருக்கும் காலம் அதற்கும் ஆகிறது. பன்றி வராமல் முள் போட்டோம். பக்கத்தில் நின்று இருமக்கூட எர்னா விடவில்லை. அத்தனை மாதம் பொறுத்த பூ, நீங்கள் வருவதற்கு முந்தின நாள் பார்த்துத்தான் விரிய வேண்டுமா?

நேற்று அதன் அருகில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், பாக். இலை இல்லை, தண்டு இல்லை, தனக்கென்று வேர்கூட இல்லை. இன்னொரு கொடிக்குள் ஒளிந்து வாழ்ந்துவிட்டு, ஒரு வாரம் மட்டும் வண்டிச் சக்கரம் மாதிரி அகலமாக வாயைத் திறக்கிறது. நமக்குக் குமட்டுகிறது, ஈக்களுக்கோ அது விருந்து வாசனை. யாருக்காகத் திறந்ததோ அவர்கள் வந்துவிட்டார்கள், நம் மூக்கைப் பற்றி அதற்கென்ன? இதே தீவின் கறுப்புத் தண்ணீர்ச் சதுப்பில் விரல் நகத்தளவு மீனும் நீந்துகிறது. உலகத்திலேயே பெரிய பூவும் சின்ன மீனும் நம் கொல்லைகளில் கிடக்க, நாம் என்னவோ வெட்கப்பட்டுக்கொண்டு எருமைகளைச் சாகடிக்கிறோம்.

இப்போது வனத்துறை ஆள் வந்து சுற்றிலும் கயிறு கட்டிவிட்டார். மறைக்க ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு மூன்று நாளில் கறுத்துக் கூழாகிவிடும். அதற்குள் குடும்பத்தோடு வாருங்கள், என் இரண்டு கால்களையும் காட்டுகிறேன். விர்தா மேல் கோபப்படாதீர்கள். எங்கள் வீட்டில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் அவள்தான். அதனால்தான் அன்று அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

அம்மாளுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் எங்கள் சலாம். உங்கள் வீட்டை நோய்நொடி அணுகாமல், அடுப்பில் சோறு குறையாமல் ஆண்டவன் காக்கட்டும்.

இப்படிக்கு,
இரு கால்களும் நலமாக உள்ள
சம்சுரிசால்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், விர்தா வாங்கிப் படித்தாள். "இவ்வளவும் எதுக்குப்பா எழுதினீங்க? மொட்டு வந்த அன்னைக்கே ஹெந்த்ராகிட்ட சொல்லிட்டேன்" என்கிறாள். ஆக, எருமை வந்து நின்றபோதும், நான் கால் மாற்றி நொண்டியபோதும் உங்கள் மகனுக்கு எல்லாம் தெரியும். தன் கல்யாணமே தொங்கலில் இருந்தும் பெற்றவர்களிடம்கூட வாய் திறக்கவில்லை. ஏனம்மா அவர் சொல்லவில்லை என்று கேட்டேன். "யார்கிட்டயும் சொல்லாதன்னு நான் கேட்டிருந்தேன், சொல்லல" என்றாள், ஏதோ அதில் பெரிதாக ஒன்றுமே இல்லாததுபோல். அதனால், பாக், நான் எழுதிய எதையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை, அவரைக் கேளுங்கள். பூவைப் பார்க்க மனமில்லாவிட்டாலும் வற்புறுத்தமாட்டேன். மாப்பிள்ளையை மட்டும் அனுப்பிவையுங்கள்.