காது குடைந்த மாப்பிள்ளை விஷயமாக

அன்பும் மரியாதையும் உள்ள தாமஸ் மச்சானுக்கு,

சிங்காநல்லூர் பேரிங் கடை ஆரோன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே வீட்டாரும் கடையும் சுகம். அங்கே சாராள் அக்காவின் முழங்கால் வலியும் உங்கள் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஆர்.எஸ்.புரத்துக்குக் கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் நான் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்குமுன் வைத்துவிடுகிறீர்களே.

நம் பெண் ஜோஸ்லினுக்குச் சம்மதம், அக்காவுக்கும் சம்மதம். நீங்கள்தான் ஒரு மாதமாகப் பதில் சொல்லாமல் இருக்கிறீர்கள். பெண் பார்க்க வந்த அன்று லியோ பெண்ணைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்தார், "இந்தச் சத்தம் எத்தனை நாளா வருதுங்க?" என்று கேட்டார், அது முதல் குற்றம். அடுத்த ஞாயிறு உங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் அதே ஃபேன் நின்றுபோய், போதகர் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டே ஜெபித்தாரே, அதையும் அவர் கணக்கில்தான் எழுதினீர்கள். அப்புறம், வகுப்பு ஜன்னலில் எட்டிப் பார்த்த தலைமையாசிரியர் பழக்கம் விடாமல், சொல்லாமல் கொள்ளாமல் அவர் வேலை செய்யும் பம்பு கம்பெனிக்கே போய், "பகல் பதினோரு மணிக்குக் கண்ணை மூடிட்டுத் திருப்புளியில காது குடையறான், இவனுக்கா பொண்ணு?" என்று திரும்பி வந்தீர்கள்.

மச்சான், அந்தத் திருப்புளியின் மறுமுனை எங்கே இருந்தது என்று பார்த்தீர்களா? மிஷின் மேலே. பிடியைக் காதில் வைத்து உள்ளே பேரிங் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். தேய ஆரம்பித்தால் முதலில் சத்தம்தான் மாறும்.

உள்ளதைச் சொல்கிறேன். அவருக்கு முன்னால் மெயின்டனன்ஸ் பார்த்தவர் சட்டையெல்லாம் கிரீஸோடு ஓடிக்கொண்டே இருப்பார். முதலாளிக்கு அவர்மேல் உயிர். தினமும் ஏதாவது நின்றுபோகும், தினமும் என் கடைக்கு வருவார். என் வீட்டு மாடி அவர் ஓட்டத்தில் எழும்பியதுதான். லியோ வந்த பிறகு மாதம் ஒருமுறை வருகிறார், இரண்டே இரண்டு பேரிங் வாங்குகிறார். வேறு கடை பிடித்துவிட்டாரோ என்று சந்தேகப்பட்டு நானே போய்க் கேட்டேன்.

"நிக்கறதுக்கு முன்னாடி மிஷினே சொல்லிப்போடுதுங்கண்ணா. நாமதான் உக்காந்து கேக்கோணும்" என்றார்.

அங்கே முதலாளியும் உங்களை மாதிரிதான். எதுவும் நிற்காததால் இந்த ஆள் எதற்கு என்று யோசிக்கிறாராம். நடக்காமல் போனதை யாருக்கு எடுத்துக் காட்டுவது? எனக்கு மட்டும் தெரியும், என் விற்பனை படுத்திருப்பதை வைத்து. முப்பது வருஷக் கடையில் இவ்வளவு மோசமான வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. அதனால்தான் நம் பெண்ணைக் கொடுக்கச் சொல்கிறேன். வீட்டில் ஒன்று உடைந்த பிறகு ஓடுகிறவர்கள் நாம் எல்லாரும். அதற்கு முன்பே காது கொடுக்கிறவர் ஒருவராவது இருக்கட்டும்.

அக்காவுக்கு என் அன்பு. ஜோஸ்லினுக்கு மாமாவின் ஆசீர்வாதம். உங்களுக்குப் பொறுமையைக் கர்த்தர் அருளட்டும்.

இப்படிக்கு,
ஆரோன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் லியோவே கடைக்கு வந்தார். ஒன்பது பேரிங். இந்த வாரம் மட்டும் கம்பெனியில் மிஷின் லைன் மூன்று தடவை நின்றுவிட்டதாம். என்ன ஆச்சு என்றேன். வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டே நின்றார். "கேக்கறேனுங்கண்ணா, காதுல ஏற மாட்டேங்குது. அங்கிருந்து ஏதாச்சும் சேதி வந்துச்சுங்களா?"

ஆகையால் மோசமான வாடிக்கையாளர் என்று எழுதியதை அடித்துவிடுங்கள். வியாபாரியாகச் சொன்னால், நீங்கள் இன்னும் ஆறு மாதம் யோசிக்கலாம், இரண்டாவது மாடியும் எழுப்பிவிடுவேன். தாய்மாமனாகச் சொன்னால், இன்றைக்கே அவருக்குப் போன் போடுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை வைக்காதீர்கள்.