முதுகில் விழுந்த பட்டியல்

எங்கள் ஊரில் எதிலும் ஒளிவுமறைவு இருக்கக் கூடாது என்று மனுக் கொடுத்தவன் நான்தான். புயல் நிவாரணம் எந்த விவசாயிக்கு எவ்வளவு என்று பெரிய எழுத்தில் எழுதி, ரேஷன் கடைச் சுவரில் ஒட்டச் சொல்லிக் கேட்டேன். வீட்டில் முதல் பட்டதாரி. மனுவை நான்கு தடவை சரிபார்த்தேன். பிழையே இல்லை.

பிழை பிறகு வந்தது. ஏரிக்கரை ஊரான தோணிரேவில் சின்னப்பன் அண்ணன் தன் பழைய சிறு படகைப் பதினோராயிரத்துக்கு விற்கப்போவதாகச் சொன்னார். அன்றிலிருந்து கண்ணை மூடினால் ஏரிதான். படகில் மல்லாந்து கிடக்கிறேன். தண்ணீர் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தலைக்கு மேலே பூநாரைகள் இளஞ்சிவப்பாய்ப் போகின்றன. யாரும் என்னை எதற்கும் கூப்பிடவில்லை.

மூழ்கிய எங்கள் நெல்லுக்கு வரவிருந்ததும் அதே பதினோராயிரம்.

என் மனைவி பூவிழி விதைநெல்லுக்குப் பணம் தேடிக்கொண்டிருந்தாள். "நமக்கு நிவாரணம் வருமாங்க?" என்றாள். "தெரியல" என்றேன். பொய் இல்லை. அப்போது தெரியாது. தெரிந்த பிறகு அவள் கேட்கவில்லை.

பட்டியல் வந்தது. சார்ட் தாளில், ஸ்கெட்ச் பேனாவில், ஆள் உயரத்துக்கு. ஏழாவது வரி: ரஞ்சித்குமார், பதினோராயிரம். அன்றுதான் பூவிழி சர்க்கரை வாங்கக் கடைக்கு வருகிற நாள். ஓடிப்போய் ஏழாவது வரியின் மேல் முதுகை அழுத்திச் சாய்ந்துகொண்டேன்.

"நவுரு நைனா, எம்பேரு கீதானு பாக்கணும்" என்றார் பக்கத்து வயல் எல்லம்மா.

"பதினாறாவது நீங்க, ஆயா. நாலாயிரம்."

"பாக்காமயே சொல்ற?"

"மனப்பாடம்."

பூவிழி வந்தாள். எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"இன்னாங்க, சுவரு விழாம தாங்கிப் பிடிச்சினு கீறீங்களா?"

"முதுகுவலி."

"வலிக்காம? தெனம் தூக்கத்துல கையக் கைய வீசறீங்க."

சர்க்கரையோடு போய்விட்டாள். பட்டியல் பக்கம் திரும்பக்கூட இல்லை. பரிதாபமாக இருந்தது, இவ்வளவு எளிதாக ஏமாறுகிறாளே என்று. ஏரிக்கரை வழியாக மெல்ல நடந்தேன். காற்றில் படகு வாசம் அடித்தது.

வீட்டில் நுழைந்ததும் பூவிழி என்னைத் திருப்பி நிறுத்தினாள். முதுகுக்குப் பின்னால் இருந்தது பீரோக் கண்ணாடி.

"ஆடாம நில்லுங்க. வெள்ளைச் சட்டைல இன்னாவோ இடம்வலமா மாறி எழுதிக் கீது. கண்ணாடில நேரா வருது." நிதானமாகப் படித்தாள். "ரஞ்சித்குமார். பதினோராயிரம்."

வியர்வையில் மை ஊறியிருந்தது.

"மத்தவங்க பேரெல்லாம் மங்கலாக் கீதுங்க. உங்க பேருதான் பளிச்சுனு விழுந்து கீது. நல்லா அழுத்திச் சாஞ்சீங்களா?"

"உன்கிட்ட சொல்லலாம்னுதான்..."

"'சின்னப்பண்ணா, ஆயிரம் கொறச்சுக்கோங்க'னு தெனம் தூக்கத்துல பேரம் பேசறீங்களே. கொறச்சாரா?"

"இல்ல" என்றேன். கனவில்கூட அவர் குறைக்கவில்லை.

பூவிழி கையை நீட்டினாள். ஏடிஎம் கார்டைக் கொடுத்தேன். அந்த வாரமே விதைநெல் வந்தது.

சட்டையில் மை போகவில்லை. இரண்டு தடவை துவைத்துப் பார்த்துவிட்டு, மடித்து என் மடியில் வைத்தாள்.

"தூக்கிப் போட்றாதீங்க. படகுக்குப் பாய் கட்ட ஆவும்."

ஆக, என்னிடம் இப்போது பாய் இருக்கிறது.