டிடிபி அண்ணனின் மயில் கொடி

சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாமல், ஒரு டஜன் ராஜ்ஜியங்களுக்குக் கொடி வழங்கிய மனிதர் கொடைக்கானலில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் டிடிபி அண்ணன்.

கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திய காலம். அதில் ஒரு மூலைக் கம்ப்யூட்டரில் அண்ணன் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் வடிவமைப்பார். டிடிபி வேலை, அதுவே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரை யாரும் கேட்டதில்லை.

பழங்கால ராஜாக்கள் படை நடத்தும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று அப்போது பிரபலம். அதற்குள் நம் பக்கத்து ராஜாக்களை நுழைத்துப் புது விளையாட்டாக மாற்ற, இணையத்தில் ஒரு கூட்டம் கிளம்பியிருந்தது. தலைவன் ஒரு கனடாக்காரன். ஒவ்வொரு ராஜ்ஜியத்துக்கும் கொடிச் சின்னம் வரையும் சோலியை அண்ணன் வலியப் போய் வாங்கிக்கொண்டார். சம்பளம் கிடையாது. அதனால்தானோ என்னவோ, உயிரைக் கொடுத்து வேலை பார்த்தார்.

விளையாட்டில் சின்னம் சுண்டுவிரல் நகம் அளவுதான் தெரியும். அதற்கு அவர் ஒரு பரீட்சை வைத்திருந்தார். திரையில் சின்னத்தைப் போட்டுவிட்டு, மூடுபனியில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்பார்.

"தம்பி, கதவ நல்லாத் தொறந்து வைங்க! பனிக்குள்ள தெரிஞ்சாத்தான் பாஸு!"

உள்ளே வாடிக்கையாளர்களுக்குப் பல் தந்தியடிக்கும். அவருக்கு என்ன கவலை!

ஒருமுறை ஃபைல் மாறிப்போய், பூம்பாறைப் பூண்டு வியாபாரி வீட்டுப் பத்திரிகையில் பிள்ளையார் இருக்க வேண்டிய இடத்தில் குறுக்காக இரண்டு வாள் அச்சாகிவிட்டது. பெண்ணின் அப்பா கொதித்துப்போய் வந்தார்.

"ஏப்பா, நான் பொண்ணு குடுக்குறனா, படையெடுக்குறனா?"

"சம்பந்தி வீட்டுல பாத்துட்டாங்களாங்க?" என்றார் அண்ணன்.

"பாத்துட்டு ரொம்ப மரியாதையாப் பேசுறாங்கப்பா. அதான் பயமா இருக்கு!"

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த இடி விழுந்தது. கனடாக்காரன் அனுப்பிய வரைபடத்தில் எங்கள் கொடைக்கானல் இருக்கும் பழனி மலை மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. ராஜா இல்லாத கலகக்காரர் பகுதியாம்.

"நம்ம மலையப் போயி ரவுடிப் பயலுகன்னு போட்டிருக்கான் தம்பி!" அன்று அவர் சாப்பிடவில்லை. மயிலுக்குப் போர்வை கொடுத்த ராஜா ஆண்ட மலை இது என்று எழுதிப் போட்டார். விளையாட்டில் புது ராஜ்ஜியத்துக்குக் காலியாக இருப்பது ஒரே ஒரு இடம், சின்னம் சரியாக அமைந்தால் தருகிறேன், இல்லையென்றால் சாம்பல்தான் என்று பதில் வந்தது.

அண்ணன் தோகை விரித்த மயிலை வரைந்து, மேலே போர்வையும் போர்த்தி அனுப்பினார். "இந்தக் கோழிக்கு ஏன் துண்டு கட்டியிருக்கிறீர்கள்?" என்று கேட்டான் கனடாக்காரன்.

பத்திரிகை வேலையெல்லாம் கிடப்புக்குப் போனது. அண்ணன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நெடுநேரம் நின்றுவிட்டு, வெடவெடத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"கோழியேதான் தம்பி. தோகைய மடக்கிர வேண்டியதுதான்."

"தோகை இல்லாம என்ன மயிலுண்ணே?"

"அட நீங்க ஒண்ணு! குளுருல நடுங்குற மயிலு எதுக்குங்க தோகைய விரிக்குது?"

தலை குனிந்த மயில். மேலே போர்வை. அதற்குக் கீழே நீளமாக இழுபடும் தோகை. பனிக்குள் அது அத்தனை தெளிவாகத் தெரிந்தது. கூடவே தன் இங்கிலீஷில் இரண்டு வரி எழுதினார்: "மற்ற ராஜாக்கள் கொடியில் கொல்லுகிற மிருகம் இருக்கிறது. எங்கள் ராஜா கொடியில் குளிருகிற ஒன்று இருக்கிறது. தயவு செய்து இடம் தரவும்."

மறுநாள் வெள்ளனே பதில் வந்து கிடந்தது. "எங்கள் ஊரிலும் பயங்கரக் குளிர். மலை உங்களுக்குத்தான்."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெரசா ஒரு டீ சொல்லுங்க தம்பி" என்றார்.

அண்ணன் இப்போது ஒட்டன்சத்திரத்தில் அச்சகம் வைத்திருக்கிறார். அந்த விளையாட்டு இன்னும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. எந்த நாட்டு ராஜாவாக ஆடினாலும் அந்த மலைப்பக்கம் மட்டும் நான் படை அனுப்புவதில்லை. மனசு வருவதில்லை.