ஷேவிங் கிரீமின் பதம் பற்றி மாப்பிள்ளைக்கு

அன்பும் மரியாதையும் கலந்து மாப்பிள்ளை அவர்களுக்கு உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மாமியார், அவளுடைய தம்பி மூவரும் சௌக்கியம். சௌக்கியம் என்று எழுதும்போது என் முகத்தை அதில் சேர்க்கவில்லை. அதற்குத் தனியாகக் கீழே இடம் ஒதுக்கியிருக்கிறேன். அங்கே நீங்களும் என் மகளும் உங்கள் கிரீம் கலக்கும் மிஷினும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் எல்லோருடைய விருப்பம்.

ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். ஃபோனில் பேசினால் என் மகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். போட்டுவிட்டு, “அப்பா, உள்ளத உள்ளபடி சொல்லுங்க. ஆனா அவரு மனசு நோகாம சொல்லுங்க” என்கிறாள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் செய்ய எனக்குத் தெரியவில்லை. தாளில் என்றால் முதல் பக்கத்தில் ஒன்றையும் கடைசிப் பக்கத்தில் மற்றதையும் வைத்துக்கொள்ளலாம். இது முதல் பக்கம்.

போன முறை நீங்கள் வந்தபோது ஒரு அட்டைப்பெட்டி நிறைய ஷேவிங் கிரீம் டப்பாக்களை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. “மாமா, எல்லாம் ஒரே நாள் கலந்தது. பஸ் கட்டற பட்டறையில பெயிண்டுக்குப் பதம் பாத்தே ரிட்டயர் ஆனவர் நீங்க. நீங்க நல்லாருக்குன்னு சொன்னா கடைங்களுக்குப் போடறேன். இல்லன்னா மிஷின வித்துட்டுப் பழைய ஆபீஸுக்கே போயிடறேன். மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லுன்னு அங்க கேட்டுட்டே இருக்காங்க” என்றீர்கள். ஒரு மனிதர் தம் பிழைப்பையே என் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். உங்கள் மாமியார் என்னைக் கடைக்கு அனுப்பினால்கூட, சரியாக வாங்குகிறேனா என்று பார்க்கப் பின்னாலேயே வருகிறவள். அப்படிப்பட்ட வீட்டில் வாழ்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியாது. அந்த நிமிடமே எனக்குள் இருந்த பழைய பெயிண்ட் இன்ஸ்பெக்டர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

முதல் டப்பாவைத் திறந்த அன்று நல்ல குளிர். கிரீம் ஒரு இழை கெட்டியாக இருந்தது. குறை என்று சொல்ல முடியாது. பிரஷை வைத்ததும் கொஞ்சம் யோசித்துவிட்டு நுரைத்தது. ‘கொஞ்சம் கெட்டியோ’ என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். நான் எனக்குள் சொல்லிக்கொள்வது எதிர் வீட்டுக்கும் கேட்கிறது என்று உங்கள் மாமியார் சொல்வாள். அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. மறுநாள் காலை அதே டப்பாவைத் திறந்தால் உள்ளே கஞ்சி. பிரஷைத் தோய்த்து எடுத்தால் பிரஷில் ஒன்றுமில்லை, எல்லாம் முழங்கையில் இருக்கிறது. மிச்சத்தை வழித்துக் கன்னத்தில் வைத்தேன். அது கன்னத்தில் தங்காமல் கழுத்து வழியாக இறங்கிப் பனியனுக்குள் போய்விட்டது. ஒரே ராத்திரியில் இப்படி நீர்த்துப்போகுமா என்று கூடத்தில் நின்று புலம்பினேன். அதற்கு அடுத்த நாள் அது கல். பிரஷை அழுத்தினேன், தூக்கினேன், டப்பாவும் கூடவே வந்தது. சில்லென்று வேறு இருந்தது. சரக்கில் புதினா ஏதாவது சேர்த்திருக்கிறீர்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் ஃபோனில் “நான் போட்டுக்கும்போது சரியாத்தான் இருக்கு மாமா” என்றீர்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று மனதில் நினைத்துக்கொண்டேன், வாயால் சொல்லவில்லை. அப்போது சொல்லாததை இப்போது எழுதிவிட்டேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி, டப்பாவுக்குச் சரிவராது என்று இரண்டாவதைத் திறந்தேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது டப்பாவில் மேலே தோல் கட்டி, அதன் அடியில் தண்ணீர், தண்ணீருக்கு அடியில் கட்டி கட்டியாக என்னவோ. நானும் என்னால் ஆனதைச் செய்து பார்த்தேன். பெயிண்ட் இறுகினால் சற்று வெயில் காட்டுவது எங்கள் பட்டறை வழக்கம். அந்த மாதிரிக் குளியலறை ஜன்னல் விளிம்பில் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் எடுத்துவிடலாம் என்று போய்ப் படுத்தவன் தூங்கிவிட்டேன். சில நாள் இப்படி ஆனது. இது பரிசோதிக்கிறவர் செய்யும் சின்ன உதவிதான், இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இதன் நடுவில், நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஓய்வூதிய அலுவலகத்தில் நேரில் போய்க் காட்ட வேண்டிய நாள் வந்தது. அன்று டப்பாவில் கல். அதைச் சுரண்டி நுரை உண்டாக்கி வலது கன்னத்தை முடித்து இடது கன்னத்துக்கு வருவதற்குள் நுரை காய்ந்துவிட்டது, ரேசர் நகர மறுத்தது, பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது, அப்படியே கிளம்பிவிட்டேன். கவுன்டரில் இருந்த அம்மணி என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சார், படத்துல இருக்கறது யாரு?”

“நான்தாம்மா.”

“இந்தப் பக்கம் நீங்கதான், தெரியுது. அந்தப் பக்கம் யாரு?”

“அந்தப் பக்கமும் நான்தான். கிரீம் கெட்டியாயிடுச்சு.”

அவர் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். அவர் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, வலது பக்கத்தை மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, உயிரோடுதான் இருக்கிறார் என்று கையெழுத்துப் போட்டார். பாதி முகத்துக்குப் பாதி ஓய்வூதியம்தான் என்று சொல்லாமல் விட்டாரே, அதுவரை புண்ணியம்.

அப்போதும் நான் அவசரப்படவில்லை. இன்னொருவர் கருத்தையும் கேட்போம் என்று ஒரு காலை நேரத்தில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருமுனை சலூனுக்குப் போனேன். சலூன்காரர் மூடியைத் திறந்தார், விரலால் தட்டினார், ‘டொக்’கென்று சத்தம் வந்தது. “இத மூஞ்சில போடறதா, செவுத்துல பூசறதா சார்?” என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இது எங்கள் மாப்பிள்ளை செய்தது என்று சொல்லிவிட்டு டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். வெயிலில் நடந்து வீடு வந்து திறந்து பார்த்தால் அதே கிரீம் இளகிக் கிடக்கிறது. சலூன்காரரிடம் திரும்பப் போய்க் காட்டலாமா என்று யோசித்தேன். போய்ச் சேர்வதற்குள் அது என்னவாக மாறுமோ என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

இந்த வீட்டில் உங்களைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். உங்கள் மாமியார் தினமும் “எப்படியிருக்கு மாப்பிள்ளையோட கிரீம்?” என்று கேட்பாள். நான் “பரவால்ல” என்பேன். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்யும் என் மைத்துனன், அதாவது அவளுடைய தம்பி, உங்களைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறான். ஒருநாள் நீர்த்துப்போன கிரீம் சிந்திய இடத்தில் காலை வைத்து, குளியலறையில் தொடங்கிக் கூடத்தில் போய் நின்றான். நின்றவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “தரை சரியில்ல அத்தான்” என்றான். கிரீமைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இனிக் கடைசிப் பக்கம். மாப்பிள்ளை, உங்கள் கிரீம் நுரைக்கிறது, வாசனை இதமாக இருக்கிறது, தோல் எரியவில்லை. எல்லாம் இருந்தும் பதம் நிற்கவில்லை. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று மாறுகிற சாமானை யாரும் இரண்டாம் முறை வாங்க மாட்டார்கள். மிஷின் சீராகக் கலக்கவில்லை என்பதுதான் என் முடிவு. அதை விற்றுவிட்டு, பழைய ஆபீஸுக்கே வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்த ஆபீஸில் இருந்தபோது நீங்கள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பீர்கள் என்றும், மிஷின் வந்தபிறகு கை கழுவும்போதுகூடப் பாடுகிறீர்கள் என்றும் என் மகள் சொன்னாள். பாட்டு சுமார்தான் என்றும் சொன்னாள். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் வெகுநாளாகக் கேட்டதில்லை. அந்தப் பாட்டை நானே நிறுத்தச் சொல்கிறேனே என்று மனசு அடித்துக்கொள்கிறது. இருந்தாலும் உங்களிடம் நல்ல வார்த்தையாக நாலு பொய் சொல்லிவிட்டு, நாளைக்குக் கடைக்காரர்கள் டப்பாக்களைத் திருப்பி அனுப்பும்போது நீங்கள் அவர்கள் முன்னால் தலைகுனிந்து நிற்பதை என்னால் பார்க்க முடியாது.

நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் ஆதரவாக, எந்தக் குறையும் இல்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும் என்று நானும் உங்கள் மாமியாரும் வாழ்த்துகிறோம். மைத்துனனும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னான். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். இதைப் படித்த அன்று மட்டும் என் மகளோடு சண்டை போட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நன்மையைத் தவிர வேறொன்றும் நினைக்காத மாமனார்

பி.கு.: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். வேறு கடிதம் எழுதலாம்தான், ஆனால் இத்தனை பக்கத்தையும் கிழித்துப்போட மனசு வரவில்லை, கையும் வலிக்கிறது. இதற்குக் கீழே இருப்பது மட்டும்தான் கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உறையை ஒட்டப் பசை தேடிச் சமையலறைக்குப் போனேன். உங்கள் மாமியார் உறையைப் பார்த்துவிட்டாள்.

“மாப்பிள்ளைக்கா? என்னன்னு எழுதினீங்க?”

“மிஷின வித்துடச் சொல்லி. ஒரு நாள் தண்ணி, ஒரு நாள் கல்லு. வேற என்னன்னு எழுதறது?”

அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். “தண்ணி நான் ஊத்தினது” என்றாள்.

“எதுல?”

“டப்பாலதான். கெட்டியோன்னு நீங்க முணுமுணுத்தீங்கல்ல. ஆசையா பண்ணிக் குடுத்தது, உங்களுக்குப் புடிக்காம போயிடப் போகுதேன்னு ஒரு கரண்டி வெந்நீர் விட்டுக் கலக்கி வெச்சேன். அப்பறம் எப்பல்லாம் கெட்டியா இருந்துதோ அப்பல்லாம் விட்டேன்.”

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மைத்துனன் பேப்பரை மடித்தான். மடித்த விதமே சரியில்லை. “நீதான் ஊத்தினியாக்கா? நான் பாத்தப்பல்லாம் தண்ணியா கெடந்துது. அத்தான் மாப்பிள்ளைய தப்பா நெனச்சுடுவாருன்னு, படுக்கப் போறப்ப ஃப்ரீசர்ல வெச்சுட்டு, அவரு எழுந்திருக்கறதுக்குள்ள எடுத்துப் பழைய எடத்துல வெச்சுடுவேன்” என்றான்.

“அப்ப மேல தோல் கட்டினது?” என்று நான் அதட்டினேன். இருவரும் என்னையே பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு ஜன்னல் விளிம்பு ஞாபகம் வந்தது.

கெட்டியென்று அவள் நீர் விட, நீர்த்ததென்று அவன் உறைய வைக்க, உறைந்ததென்று நான் வெயிலில் வைக்க, உங்கள் கிரீம் இந்த வீட்டில் நாய் படாத பாடு பட்டிருக்கிறது. மூவரும் உங்களுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தோம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பெட்டியில் திறக்காத டப்பாக்கள் இன்னும் இருந்தன. எல்லாவற்றையும் மேஜையில் எடுத்துவைத்தேன். அக்காவையும் தம்பியையும் எதிரே நாற்காலியில் உட்காரவைத்து, கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். ஒவ்வொன்றாகத் திறந்து, பெயிண்டுக்குச் செய்கிற மாதிரி குச்சியை விட்டு மேலேயும் அடியிலும் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே பதம். என் வேலைக்காலத்தில்கூட இப்படிச் சீரான சரக்கை நான் அதிகம் பார்த்ததில்லை. சாயங்காலமாகிவிட்டதே என்று பார்க்காமல் அங்கேயே முகத்தை நனைத்துச் சவரம் செய்துகொண்டேன். ரேசர் தானாகப் போயிற்று. உங்கள் மாமியார் கட்டிய கையை அவிழ்த்து, எழுந்து வந்து என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். “நல்லாத்தான் பண்ணியிருக்காரு” என்றாள். அதைச் சொல்வதற்குள் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

ஆகவே மிஷினை விற்க வேண்டாம். ஆபீஸுக்கு வருவதற்கில்லை என்று இன்றைக்கே சொல்லிவிட்டு, கடைகளுக்குச் சரக்கைப் போடுங்கள். பிற்பாடு யாராவது பதம் மாறுகிறது என்று புகார் சொன்னால் பதறிப்போய் எதையும் மாற்றிக் கலக்கிவிடாதீர்கள். அவர்மேல் பிரியமுள்ளவர்கள் அவர் வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மட்டும் விசாரியுங்கள்.