என் தம்பி யாரிடமும் கை நீட்டியதில்லை

தம்பிக்கு எதிர்வீட்டுக்காரி இமோஜின் சொல்வதை நம்பாதீர்கள். வெள்ளிக்கிழமை காலை என் தம்பி வெர்லன் தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்குப் போனது தனக்காக இல்லை, எனக்காக. அக்காவுக்குத் துணையாகப் போனான். நான் எழுதப் படிக்கத் தெரியாதவள். அங்கே மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஊராருக்கு மருத்துவக் காப்பீடு பதிந்து தருகிற ராமோனா என்ன கேட்கிறாள், எங்கே கையெழுத்து வாங்குகிறாள் என்று பார்த்துச் சொல்ல எனக்கு ஒரு ஆள் வேண்டாமா? எனக்கு எண்பது நெருங்குகிறது, வயதானவர்களுக்கான மெடிகேர் எனக்கு வந்து காலம் பல ஆயிற்று, ராமோனாவிடம் எனக்கு ஒரு வேலையும் கிடையாது என்பது வேறு விஷயம். "வெர்லனும் கடைசியில ஓசி வரிசையில நின்னுட்டான்" என்று இமோஜின் தன் ஊஞ்சலில் ஆடிக்கொண்டே பள்ளத்தாக்கு முழுக்கப் பரப்புகிறாளே, அது சுத்தப் பொய். அவன் நிற்கவே இல்லை. அங்கே நாற்காலி போட்டிருந்தார்கள்.

அவன் என்ன இனம் என்று தெரிந்தால்தான் உங்களுக்கு இது விளங்கும். உலகத்தில் 'கை நீட்டாதவர்' என்று ஓர் இனம் இருக்கிறது. எங்கள் கென்டக்கி மலைகளில் வீட்டுக்கு ஒன்று விளைகிறது, சில வீட்டில் இரட்டைப் பிள்ளையாகவும் பிறக்கிறது. காப்பிக் கடையிலும் சவ ஊர்வலத்திலும் மீன் பிடிக்கிற இடத்திலும் நீங்கள் கேட்காமலே "நான் யார்கிட்டயும் கை நீட்டினதில்ல" என்று ஒருவர் ஆரம்பித்தால், அவர்தான். கேட்டுவிட்டால் இன்னும் ஆபத்து, உட்காரவைத்துச் சொல்வார்.

கை நீட்டாதவருக்குக் கண் மட்டும் நீளம். கடையில் அவருக்கு முன்னால் நிற்கிற பெண் அரசாங்கத்தின் உணவு அட்டையை எடுத்தால் போதும், அவளுடைய கூடைக்குள் அவர் பார்வை இறங்கி, இறைச்சி எவ்வளவு, சோடா எவ்வளவு, கேக் இருக்கிறதா, அந்தக் கேக்குக்கு மேல் க்ரீம் இருக்கிறதா என்று துழாவி, வெளியே வந்து, தலையை ஆட்டி, "நம்ம வரிப்பணம்" என்று ஒரு பெருமூச்சு விடும். வெர்லன் விடுகிற பெருமூச்சில் மாவுச் சாக்கு உப்பும்.

ஆனால் வெள்ளம் வந்து அவன் புல்வெட்டி இயந்திரம் பழுதுபார்க்கிற பட்டறையின் கூரையை அடித்துக்கொண்டு போனபோது, அரசாங்க லாரியில் வந்த தகரத்தை இறக்கி வைத்துக்கொண்டானே? நான் கேட்டேன்.

"அது அரசாங்கம் குடுத்ததில்லக்கா, வெள்ளம் குடுத்தது" என்றான்.

அப்படித்தான். இந்த இனத்துக்கு எல்லாமே வேறு யாராவது கொடுத்ததாக இருக்கும். அவன் வண்டி ஓடுகிற சாலையை மலை கொடுத்தது. அவன் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தின்ற மத்தியானச் சாப்பாட்டை அந்தச் சமையல்காரி கொடுத்தாள். தனக்கு வந்தால் தற்செயல். அடுத்தவனுக்கு வந்தால் பிச்சை.

இப்போது அட்டைக்கு வருகிறேன். ஏழைகளுக்கு அரசாங்கம் தருகிற காப்பீட்டுக்கு மெடிகெய்ட் என்று பெயர். இது ஊருக்கே தெரியும். ஆனால் எங்கள் பக்கம் அதை அந்தப் பெயரில் யாரும் தருவதில்லை. நடுவில் ஒரு கம்பெனியை வைத்து, அட்டைக்கு அழகாக ஒரு பெயரும் ஒரு படமும் போட்டுத் தருவார்கள். வெர்லனுடைய அட்டையில் ஒரு நீல மலை, மலை மேல் சிவப்புக் குருவி. பெயர் 'நீலமலை நலம்'. அவனுக்குப் பித்தப்பையில் கல் வந்து படுத்திருந்த சமயம் ட்ரெசா, அவன் பெண்டாட்டி, ஆஸ்பத்திரியில் யாரோ நீட்டின தாளில் கையெழுத்துப் போட்டு வாங்கியது. கல்லை எடுத்தார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள், ஒரு காசு கேட்கவில்லை. வெர்லன் வயிற்றைத் தடவிக்கொண்டு ஊரெல்லாம் சொன்னான்: "தனியார்னா தனியார்தான்யா. இதே அரசாங்கமா இருந்தா என்னைக் கொன்னிருப்பான்."

எனக்கு அப்போதே தெரியும். அறுபத்தைந்து ஆகி மெடிகேர் வரும்வரை என் கைப்பையிலும் அந்தக் குருவிதான் இருந்தது; எனக்கு ரொம்ப இளையவன் அவன், அவனுக்கு இன்னும் அந்த வயது வரவில்லை. சொல்லவில்லை. ஆண்பிள்ளை சந்தோஷமாக இருக்கிறான், எதற்குக் கெடுப்பானேன்?

வருஷத்துக்கொரு முறை அரசாங்க முத்திரையோடு உறை வரும்: வருமானம் என்ன, வீட்டில் எத்தனை பேர், பதில் எழுது என்று. வெர்லன் திறக்கவே மாட்டான். "இது ஓசி வாங்கறவனுக்கு வர்ற கடுதாசி, தபால்காரன் மாத்திப் போட்டுட்டான்" என்று விறகு அடுப்பில் போடுவான். முந்தி எல்லாம் ட்ரெசா அவனுக்குத் தெரியாமல் உருவி எடுத்துப் பதில் அனுப்பிவிடுவாள். போன குளிர்காலத்தில் அவள் தன் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தாள். அடுப்பு நன்றாக எரிந்தது.

அதே குளிர்காலத்தில்தான் மெடிகெய்ட் பட்டியலில் களை எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. வெர்லனுக்குக் கொண்டாட்டம். பீன்ஸும் சோளரொட்டியும் வைத்துக்கொண்டு என் சமையலறையில் உட்கார்ந்து, மேசையைத் தட்டித் தட்டிப் பேசினான்: "அறுக்கட்டும்க்கா! ஒட்டுண்ணி ஒண்ணு விடாம அறுக்கட்டும்!"

"மெதுவாடா, ரொட்டி உதிருது" என்றேன்.

பிறகு ஒரு நாள் மருந்துக் கடை. நானும் கூட இருந்தேன், என் ரத்த அழுத்த மாத்திரைக்காக. எங்களுக்கு முன்னால் இடுப்பில் குழந்தையோடு ஒரு சின்னப் பெண். அவளுடைய அட்டை ஓடவில்லை. கல்லாவில் இருக்கிற கென்ட்ரா திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தாள். அந்தப் பெண் ஒதுங்கிப் போய்ச் சுவரோரமாக நின்று போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். வெர்லன் சும்மா இருப்பானா? கடை கேட்கிற மாதிரி சொன்னான்: "கதவைச் சாத்தினாத்தான் ஜனங்க வேலைக்குப் போவாங்க." சொல்லிவிட்டு இன்சுலினுக்குத் தன் அட்டையை நீட்டினான், மீசையை ஒரு தடவை ஒதுக்கிக்கொண்டு.

"மாமா, இது ஓடலையே" என்றாள் கென்ட்ரா.

"உன் மெஷின் கெட்டிருக்கும். கழட்டிக் குடு, நான் ரிப்பேர் பண்ணித் தரேன்."

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. மெடிகெய்ட் முடிஞ்சிருச்சுன்னு வருது."

"யாரோட மெடிகெய்ட்?"

"உங்களோடது மாமா."

"எனக்கெதுக்கும்மா மெடிகெய்ட்? நான் நீலமலை."

"நீலமலைன்னா அதுதானே, மாமா."

சுவரோரம் நின்ற பெண் போனைக் காதிலிருந்து எடுத்தாள். குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, வெர்லனுடைய கூடைக்குள் மட்டும் நிதானமாக எட்டிப் பார்த்தாள். அதில் சர்க்கரை நோய்க்காரன் தொடக்கூடாத ஒரு பெரிய கேக் இருந்தது. க்ரீம் போட்டது.

கை நீட்டாதவர் இப்படி ஒரு அடி வாங்கினால் திருந்திவிடுவார் என்று நினைக்கிறீர்களா? உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியாது. "மெஷின் கெட்டுக் கிடக்கு" என்று மூன்று நாள் சொன்னான். பிறகு கடையை மாற்றினான், பக்கத்து மாவட்டத்தில், தன்னைத் தெரியாத கடை. ட்ரெசாவுடைய அட்டையும் சேர்ந்தே செத்துப்போனது. அவள் வாய் திறந்தால், "நான் பாத்துக்கறேன்" என்றான். பார்த்துக்கொண்டான். போனில் ஒருவன் கூப்பிட்டு, தேன் ஒழுக, "அரசாங்க வாடையே இல்லாத திட்டம் சார், உங்களை மாதிரி மானஸ்தருக்குன்னே செஞ்சது" என்றதும் மாதச் சந்தாவைக் கட்டிவிட்டான். புது அட்டை வந்தது. அதில் கழுகு. குருவியை விடக் கழுகு பெரிசுதான், மறுக்கவில்லை. அந்தக் கழுகு மூக்குக் கண்ணாடிக்குத் தள்ளுபடி தரும். உடம்பு சரியில்லை என்றால் எந்த நேரமும் கூப்பிட ஒரு நம்பர் தரும்; கூப்பிட்டால் ஒரு நர்ஸ் பரிவாகப் பேசி, "நீங்க ஒரு டாக்டரைப் போய்ப் பாருங்க" என்பாள். இன்சுலின்? இன்சுலினைப் பற்றிக் கழுகுக்கு ஒன்றும் தெரியாது.

அதனால் அவன் மருந்தைப் பாதியாகப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தான். கை நீட்டாதவர் கணக்கில் இதற்குப் பெயர் சிக்கனம்.

ஒரு ஞாயிறு ட்ரெசா என் சமையலறைக்கு வந்து நின்றாள். கையில் வெர்லனுடைய காலுறை ஒன்று, துவைக்க எடுத்தது. "அண்ணி, இதப் பாருங்க" என்றாள். முன்பக்கம் ஈரம், மஞ்சளாக, நாற்றத்தோடு. எங்கள் அப்பாவுக்கும் இப்படிக் காலுறையில்தான் ஆரம்பித்தது. முதலில் கட்டைவிரல் போனது, பிறகு பாதம், பிறகு முழங்கால் வரைக்கும். அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இல்லை.

ட்ரெசாவையும் கூட்டிக்கொண்டு தேவாலயத்தில் ராமோனாவைப் பிடித்து எல்லாம் விசாரித்துவிட்டு, நேராக அவன் பட்டறைக்குப் போனேன். புல்வெட்டி இயந்திரத்தைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"டேய், கால காட்டு."

"காலுல என்ன இருக்கு? விரல் இருக்கு."

"இப்போதைக்கு இருக்கு. காட்டுடா."

"பூட்ஸ் கடிச்சதுக்கா. அதுக்கு ஊர்வலமா?"

"ராமோனாகிட்ட நான் கேட்டுட்டேன். வெள்ளத்துல எல்லார் மெஷினும் கெட்டதுல உன் பட்டறை வருமானம் கொஞ்சம் ஏறிருச்சாம், இனிமே உனக்கு மெடிகெய்ட் திரும்பக் கிடைக்காதாம். வேற காப்பீடு வாங்கலாம், டாக்டர், இன்சுலின் எல்லாம் அதுல உண்டு. மெடிகெய்ட் போன ரெண்டு மாசத்துக்குள்ள எழுதினாத்தான் உண்டு. வர்ற வெள்ளியோட முடியுது. விட்டா அடுத்த வருஷம்தான். அது வரைக்கும் உன் கால் காத்திருக்குமா?"

"சந்தா யாரு கட்டறா?"

"பாதி நீ. பாதி அரசாங்கம்."

ஸ்பானரைக் கீழே வைத்தான். "பாதிப் பிச்சைன்னு ஒண்ணு இருக்காக்கா?"

"பாதிக் கால்னு ஒண்ணு இருக்கு. அப்பாவைப் பாத்தியே."

அவன் ஸ்பானரைத் திரும்ப எடுத்துக்கொண்டான். ராமோனாவிடம் போகவில்லை. திங்கள் போனது, செவ்வாய் போனது, புதன் போனது. ட்ரெசா அழுதாள், அவளை அதட்டினான். மகன் போனில் கத்தினான், இவன் போனை வைத்துவிட்டான். அவன் வீட்டு வாசல், தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்குப் போகிற படி இரண்டுமே இமோஜினுடைய ஊஞ்சலுக்கு நேர் எதிரே இருக்கின்றன, அதுதான் சங்கதி. கால் போனாலும் போகும், இமோஜின் பார்க்கக் கூடாது. சிரிக்காதீர்கள், இதைவிட அற்பமான காரணத்துக்காக உயிரையே விட்டவர்களை நான் புதைத்திருக்கிறேன்.

வியாழன் சாயங்காலம் எனக்கு ஒன்று தோன்றியது. இந்த இனம் உதவி வாங்கினால் செத்துவிடும். உதவி செய்யச் சொன்னால் ஓடி வரும். புயலில் மரம் விழுந்தால் ரம்பத்தோடு முதலில் நிற்கிறவன் வெர்லன்தான். விதவை வீட்டு இயந்திரத்துக்கு அவன் கூலி வாங்கினதே இல்லை, வாங்கினேன் என்று வெளியே சொல்லுவான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய் நின்றேன்.

"தம்பி, எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும். ராமோனா என்னைக் கூப்பிட்டிருக்கா. என்னென்னமோ தாள்ல கையெழுத்துங்கறா. எனக்குப் படிக்கத் தெரியாது, ஏமாந்துருவேனோன்னு பயமா இருக்கு. கூட வர்றியா?"

"உனக்குத்தான் மெடிகேர் இருக்கே. நீ எதுக்குப் போற?"

"வயசாயிருச்சு. எனக்கே மறந்துபோச்சு."

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். என் தம்பி வீராப்புக்காரன், முட்டாள் இல்லை. அடுப்பு மேல் காப்பி பொங்கி வழிந்தது, ட்ரெசா அதைப் பார்க்கக்கூட இல்லை.

"நீயா தனியா போனா அவங்க உன்னை ஏமாத்திப்புடுவாங்க" என்றான் கடைசியில்.

"அதானே."

"வருமானத்துக்கு ஏதாவது தாள் கேப்பாங்க."

"என்கிட்ட ஏது வருமானம்?"

"இல்ல... ஒரு மாதிரி காட்டறதுக்கு வேணும்னா, என்னோட வரித்தாளை எடுத்துக்கறேன். சும்மா. மாதிரிக்கு."

"மாதிரிக்கு எடுத்துக்க" என்றேன். "ட்ரெசாவோட பிறந்த தேதியையும் எழுதிக்க. மாதிரிக்கு."

ட்ரெசா அவன் தொப்பியை எடுத்துக் கொடுத்தாள். வலது பூட்ஸின் கயிறு கட்ட முடியவில்லை, கால் அவ்வளவு வீங்கியிருந்தது. அதை அப்படியே தொங்கவிட்டான். வாசலில் வந்து நின்றதும் எதிர்ப்பக்கம் ஊஞ்சல் சங்கிலி கிரீச்சிடுவது நின்றது.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க ரெண்டு பேரும், காலையிலயே?" என்று இமோஜின் குரல்.

வெர்லன் தொப்பியைச் சரிசெய்தான். மலை எதிரொலிக்கிற மாதிரி சொன்னான்: "அக்காவுக்கு அரசாங்கத்துல ஏதோ வேணுமாம். தள்ளாத காலம், தனியா விடமுடியுமா? நமக்கு இதெல்லாம் பழக்கமில்ல, துணைக்குப் போறேன்." பிறகு என் பக்கம் திரும்பி, இன்னும் உரக்க, "இந்த வயசுல உனக்கு இதெல்லாம் தேவையாக்கா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இன்றைக்கும் என் விறகை நானே பிளக்கிறவள் நான்; அவன் கையைப் பிடித்துத் தொங்கினேன். அவன் வலது கால் இழுத்தது. உடனே நானும் வலது காலை இழுத்தேன். அவன் ஒரு எட்டு நொண்டினால் நான் இரண்டு எட்டு நொண்டினேன், "மெதுவாடா, மெதுவாடா" என்று முனகினேன். பார்க்கிறவர்களுக்கு, நொண்டிக் கிழவியைத் தாங்கித் தாங்கி நல்ல மனிதன் ஒருவன் தானும் சாய்ந்து நடக்கிற மாதிரி இருந்திருக்கும்.

இமோஜின் பார்த்தது இவ்வளவுதான். கீழே போய்த் தாளில் கையெழுத்துப் போட்டது யார் என்று அவள் பார்க்கவில்லை; எனக்குத்தான் எழுதத் தெரியாதே. வெர்லன் அன்றைக்கு வாசலைத் தாண்டினது எனக்காகத்தான். இதை நான் பைபிள் மேல் கை வைத்துச் சொல்வேன். அதிருக்கட்டும், நீங்கள் கடைசியாக ஒரு வரிசையில் நின்றீர்களே, யாருக்குத் துணையாகப் போனேன் என்று வீட்டில் சொன்னீர்கள்?